பெரிய கரடிக்குச் சின்னத் தோட்டா

அகுலினா பதினாறு வயதில் மீன் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள். சால்மன் மீனின் குடலை எடுத்து அலசும் வரிசையில் ரப்பர் உடுப்போடு நின்று நின்று, கோடைக்காலம் முழுவதும் அவள் முடியில் மீன் வாடை போகாது. கடல் பொங்கி ஊரை வாரிக்கொண்டு போன வருஷம் அவளுடைய அப்பா வீட்டையும் படகையும் இழந்தார். உயிர் மிஞ்சியதே பெரிது என்று எல்லோரும் மேட்டில் புதிதாக வீடு கட்டிக்கொண்டார்கள். அடுத்த ஈஸ்டர் கழிந்ததும் அவள் ஸகாரைக் கல்யாணம் செய்துகொண்டாள்.

ஸகார் கரடி வேட்டைக்கு வழிகாட்டி. வெளியூர்க்காரர் யாராக இருந்தாலும் அவர்கள் வாழ்ந்த கோடியாக் தீவில் வழிகாட்டி இல்லாமல் கரடியைச் சுடக்கூடாது. அதனால் வசந்தத்தில் பனி உருகத் தொடங்கியதும் குடாவின் கோடியில் இருந்த அவர்களுடைய மரக்குடிலுக்கு ஆட்கள் தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தில் வந்து சேர்வார்கள். அகுலினா அவர்களுக்குச் சமைத்தாள். கரடி விழுந்தால் மலையேறிப் போய்த் தோலுரித்தாள். ஓர் ஆள் கனமுள்ள ஈரத் தோலை முதுகில் கட்டி இறக்கிக்கொண்டு வந்தாள். இப்படியே வருஷங்கள் போக, துணை வழிகாட்டி என்று அவளுக்கும் அரசாங்க அனுமதி கிடைத்தது. ஆனால் வேட்டைக்காரனுக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் வேலை ஸகாருடையதாகவே இருந்தது.

அதை மாற்றியது ஒரு நண்டுக் கூண்டு. குளிர்காலத்தில் நண்டுப் படகில் வேலை செய்தபோது இரும்புக் கூண்டு கயிற்றில் ஊசலாடி வந்து ஸகாரின் இடுப்பில் மோதிவிட்டது. மருத்துவமனையிலிருந்து ஊன்றுகோலோடு வந்தான். சமதரையில் நடக்கலாம், மலை ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

"மே மாசத்துக்கு மூணு பேர் வர்றாங்க. வேண்டாம்னு சொல்லி அனுப்பிடவா?" என்று கேட்டான் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு.

"எதுக்கு? நான் கூட்டிட்டுப் போறேன்."

"நீயா?"

"ஏன், உன் மூஞ்சியப் பாத்தாத்தான் கரடி வெளிய வருமா?"

ஸகார் சிரிக்கவில்லை. "வெளிய வர்ற கரடியப் பத்தி எனக்குக் கவலை இல்ல அகுலி. அடிபட்டு உள்ள போற கரடிதான். அதுக்குப் பின்னால யார் போறது?"

அதுதான் இந்தத் தொழிலின் முடிச்சு. வருகிறவன் சுட்டுச் சரியாக விழாத கரடி, சரிவெல்லாம் அடர்ந்து கிடக்கும் ஆல்டர் என்ற புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதை அப்படியே விட்டுவிட்டு வரக்கூடாது. அதன் பின்னால் போய் முடிக்க வேண்டியவர் வழிகாட்டி. புதருக்குள் கையை நீட்டினால் விரல் நுனி தெரியாது. அங்கே கரடி எழுந்தால் ஒரு குண்டுக்குத்தான் நேரம் இருக்கும்.

"நான் போறேன்" என்றாள் அகுலினா. "ஆடுற படகுல இருந்து, கடல்ல தலைய மட்டும் தூக்குற சீலச் சுட்டவ நான். உனக்குத் தெரியாதா?"

"சீல் நம்ம மேல திரும்பிப் பாய்ஞ்சு வராது."

"வந்தா அதையும் சுட்டிருப்பேன்."

ஸகாரின் துப்பாக்கிக்கு ஊரில் 'எழுபத்தஞ்சு' என்று பெயர். அதன் தோட்டா முந்நூற்று எழுபத்தைந்து என்ற அளவு. கைவிரலை விட நீளமாக, தடியாக இருக்கும். யானையைச் சுடுகிறவர்கள்கூட அதைத்தான் கொண்டுபோவார்கள் என்று ஸகார் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கரடிக்கு அதற்குக் குறைந்து எதுவும் கூடாது என்பது அவன் கட்சி. அகுலினாவும் மறு பேச்சில்லாமல் அதையே எடுத்தாள். அவன் இடத்துக்குப் போகிறவள் அவன் துப்பாக்கியோடுதான் போக வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது.

ஊருக்குக் கீழே கூழாங்கல் கரையில் ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயை நிறுத்திப் பழகினாள். முதல் நாள் நன்றாகவே சுட்டாள். அன்று இரவு தோளைத் தொட முடியவில்லை. இரண்டாம் நாள் சட்டைக்குள் துண்டை மடித்து வைத்துக்கொண்டாள். அதற்கு அடுத்த நாள் குண்டுகள் பீப்பாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கடலுக்குள் போய் விழுந்தன.

"காத்து" என்றாள்.

"சரி, காத்து" என்றான் ஸகார். துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தான். அவன் போட்டது சுட்டுத் தீர்ந்த வெற்றுத் தோட்டா. அகுலினாவுக்கு அது தெரியாது. குறி பார்த்து விசையை அழுத்தினாள். 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வந்தது. ஆனால் குழல் முனை கிணற்று வாளி மாதிரி கீழே இறங்கியது. தோள் முன்னால் குலுங்கியது. கண்கள் இறுக மூடியிருந்தன.

ஸகாரின் தம்பி திமோஃபே படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவன், தூரிகையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். "அண்ணி, கரடி செத்துப்போச்சு. சிரிச்சே செத்துப்போச்சு."

அகுலினா துப்பாக்கியை ஸகாரின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அவளுக்கு வந்த கோபம் திமோஃபே மேல் இல்லை. தன் கண்கள் தன்னைக் கேட்காமல் மூடிக்கொள்கின்றன என்பதை அதுவரை அவள் அறியவே இல்லை. சொந்த உடம்பு தனக்குத் தெரியாமல் பொய் சொல்லியிருக்கிறது. அதுதான் அவளைத் தின்றது.

அன்று மாலை நீராவிக் குளியலறையில், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிவிட்டு ஸகார் மெதுவாகப் பேச்செடுத்தான். "எல்லாருக்கும் வர்றதுதான். சுடறப்பத் துப்பாக்கி தோள்ல உதைக்குதே, அந்த உதைக்குப் பயந்து உடம்பு முந்திக்குது. பழகப் பழகப் போயிடும்."

"எல்லாருக்கும் போயிடுமா?"

அவன் கல்லில் இன்னொரு குவளை தண்ணீர் ஊற்றினான். "சில பேருக்குப் போகாது."

"நான் எந்த ரகம்னு புதருக்குள்ள போயா தெரிஞ்சுக்கணும்?"

மறுநாள் அவள் வீட்டுச் சுவரில் தொங்கிய 'முப்பது-ஆறை' எடுத்தாள். அது மான் சுடுகிற துப்பாக்கி. முன்னொரு காலத்தில் ராணுவத்துக்காகச் செய்த தோட்டா அதற்கு. தீவில் வீட்டுக்கு வீடு ஒன்று உண்டு. அதைத் தோளில் வைத்தால் அவளுக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்ட மாதிரி இருக்கும். ஸகாரையே திரும்பி நின்று தோட்டா போடச் சொன்னாள். நிஜமும் வெற்றுமாக அவன் மாற்றி மாற்றிப் போட்டான். வெற்றுத் தோட்டா வந்தபோதெல்லாம் குழல் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கை நிக்குது. ஒத்துக்கறேன்" என்றான் ஸகார். "ஆனா மான் தோட்டா கரடிக்குப் பத்தாது. தோள்பட்டை எலும்புலயே உடைஞ்சு போயிடும்."

"அப்ப மான் தோட்டா வேண்டாம்."

அதே துப்பாக்கிக்கு இன்னொரு வகைத் தோட்டாவும் கிடைக்கும். குண்டு நீளமாக, கனமாக, மூக்கு மழுங்கி இருக்கும். வேகம் குறைவு. தூரத்துக்கு ஆகாது. கடைக்காரர் அந்தப் பெட்டிகளை மேலே ஒட்டடைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். அகுலினா உடைந்த படகின் பலகைகளை அறுத்து, கடல்நீரில் ஊறவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கட்டினாள். மான் குண்டு முன் பலகைகளிலேயே பூவாய் விரிந்து சிதறிப்போனது. மழுங்கின மூக்குக் குண்டு கடைசிப் பலகை வரை போய் அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஸகார் ஊன்றுகோலைச் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையாகப் புரட்டிப் பார்த்தான்.

"என்னுது இதைவிடப் பெரிய ஓட்டை போடும்" என்றான்.

"போடும். நீ சுட்டா. நான் கண்ணை மூடிக்கிட்டுப் போடற பெரிய ஓட்டை பீப்பாக்குப் பக்கத்துல, கடல்ல இருக்கு. போய்ப் பாத்துட்டு வா."

அவன் அதற்கு மேல் வாதாடவில்லை. அன்று ராத்திரி முப்பது-ஆறின் மேலிருந்த தொலைநோக்கியைக் கழற்றிவிட்டு, நெருக்கத்தில் சட்டென்று குறி பிடிப்பதற்கு வளையம் ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தான். அவன் சரி என்று சொன்ன விதம் அதுதான்.

இரண்டு வசந்தங்கள் அவள் அந்தத் துப்பாக்கியோடு வேட்டைக்காரர்களைக் கூட்டிப் போனாள். ஸகார் குடில் வாசலில் முக்காலியில் தொலைநோக்கியை வைத்துச் சரிவுகளைத் துழாவிக் கரடி இருக்கும் இடத்தைச் சொல்வான். அவள் ஏறுவாள். வந்தவர்கள் ஒழுங்காகச் சுட்டார்கள். அவள் ஒரு குண்டுகூடச் செலவழிக்க வேண்டியிருக்கவில்லை. "கோயிலுக்கு மெழுகுவத்தி கொண்டுபோற மாதிரி துப்பாக்கிய அப்படியே கொண்டுபோய் அப்படியே கொண்டுவர்றா" என்று திமோஃபே சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மூன்றாம் வசந்தத்தில் வந்தவர் ட்வெய்ட் என்ற கோதுமை விவசாயி. அறுபது வயது. டகோட்டா சமவெளிக்காரர். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம், ஆனால் பேச்சு காதோடு பேசுகிற மாதிரி இருக்கும். விமானத்திலிருந்து பெட்டிகளைத் தானே இறக்கினார். நீளமான பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். நானூற்று அறுபது அளவுத் துப்பாக்கி. அதன் மரப் பின்கட்டை கண்ணாடி மாதிரி பளபளத்தது.

"என் பிள்ளைங்க வாங்கிக் கொடுத்தது. அறுபதாவது பிறந்தநாளுக்கு. மூணு பேரும் சேர்ந்து" என்றார்.

ஸகார் ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து எடை பார்த்தான். "இத வச்சு என்ன பண்றது, கரடியச் சுடறதா, மலையச் சுடறதா?"

வந்தவர்கள் எல்லோரும் முதல் நாள் குறி பார்த்துச் சுட்டுக்காட்ட வேண்டும் என்பது அந்தக் குடிலின் வழக்கம். ட்வெய்ட் ஒரு மரக்கட்டையின் மேல் சாய்ந்து சுட்டார். சத்தத்தில் குடாவின் கடற்பறவைகள் எல்லாம் எழுந்தன. எதிரே குறிக்கு நட்டுவைத்த அட்டையில் துளை இல்லை. இன்னொன்று சுட்டார். அதுவும் இல்லை. அவருடைய பின்கழுத்து சிவந்துபோயிருந்தது.

அகுலினா துப்பாக்கியை வாங்கினாள். திரும்பி நின்று தோட்டா போட்டுக் கொடுத்தாள். அவர் அழுத்தினார். 'டிக்'. குழல் முனை தரையைப் பார்த்து இறங்கியது.

அவர் கண்ணைத் திறந்து வெகுநேரம் குழல் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு" என்றாள் அகுலினா. "என் வீட்டுக்காரர் துப்பாக்கியோட. என் கொழுந்தன் பாத்துட்டுச் சிரிச்சான். இங்க சிரிக்கறதுக்கு யாரும் இல்ல. ஊருல எதை வச்சு மான் சுடுவீங்க?"

"முப்பது-ஆறு. முப்பது வருஷமா. இதைக் கொண்டுவரலன்னா பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்னு அதை வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன்மா."

அவள் உள்ளே போய்த் தன் துப்பாக்கியை எடுத்து வந்து அவரிடம் நீட்டினாள். அவர் அதைத் தோளில் வைத்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே மூச்சில் சுட்ட மூன்று குண்டுகளின் துளைகளையும் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடிவிடலாம்.

"பிள்ளைங்ககிட்ட என்ன சொல்லுவேன்?"

"நான் எதுவும் சொல்லப்போறதில்ல. நீங்க உங்க சௌகரியம்போலச் சொல்லுங்க."

ராத்திரி, ட்வெய்ட் தூங்கிய பிறகு, ஸகார் தாழ்ந்த குரலில் கேட்டான். "உன்னுதத் தூக்கிக் கொடுத்துட்ட. நீ எதை எடுத்துட்டுப் போவ?"

அவர்களுடைய துப்பாக்கிகளில் குடிலில் மிச்சம் இருந்தது எழுபத்தஞ்சு ஒன்றுதான். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு நல்லாச் சுட்டா நான் எதுவும் சுட வேண்டாம்" என்றாள்.

"சுட வேண்டி வந்தா?"

"வந்தாப் பாக்கலாம். பெரிய துப்பாக்கிக்குப் பயந்தவங்க ரெண்டு பேரு இருக்கறப்ப, கரடிய மொதல்ல சுடப்போறவருக்குத்தான் நல்ல துப்பாக்கி."

மழை பிடித்துக்கொண்டது. குடிலுக்குள் சீட்டாடினார்கள். ஸகார் அரிசியையும் சால்மனையும் மாவுக்குள் மூடிச் சுடும் பிரோக் செய்தான். மேல் மாவு கருகி அடி மாவு வேகாமல் இருந்தது. ட்வெய்ட் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மழை விட்ட காலையில் ஸகார் தொலைநோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே கையால் அழைத்தான். எதிர்ச் சரிவில், பனி முடிந்து புதர் தொடங்கும் இடத்தில், ஒற்றை ஆண் கரடி ஒன்று அவசரமே இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. அது நடந்தபோது தோளுக்கு மேல் திமில் அசைந்தது.

ஏறுவதற்குப் பகலில் பாதி போய்விட்டது. காற்று முகத்தில் அடித்தது. ஒரு பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டு அவள் ட்வெய்ட்டின் காதில் சொன்னாள். "பக்கவாட்டுல திரும்பறவரைக்கும் பொறுங்க. முன்காலுக்கு மேல. அவசரம் இல்ல." கரடி வேர்களைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தது. திரும்பியது. ட்வெய்ட் சுட்டார். கரடி உருண்டது, எழுந்தது. அவர் மறுபடி சுட்டார். அதற்குள் அது புதருக்குள் புகுந்துவிட்டது. கிளைகள் ஆடிவிட்டு நின்றன.

"பட்டுச்சு" என்றாள். "நல்லாவே பட்டுச்சு. உக்காருங்க."

சற்று நேரம் அதைப் படுக்க விட வேண்டும். ட்வெய்ட் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நானும் வர்றேன்மா. நான் சுட்டது."

"வேண்டாம். உள்ள ரெண்டு துப்பாக்கி இருந்தா ஒண்ணு இன்னொண்ணப் பாத்துச் சுடும். நீங்க இந்தப் பாறை மேல நில்லுங்க. மேல் பக்கமா வெளிய வந்தா சுடுங்க."

அவள் இறங்கினாள். முதல் கிளையை விலக்கியபோது எழுபத்தஞ்சின் கனம் கையில் புதிதாகத் தெரிந்தது. தோள் தானாகவே கொஞ்சம் உள்ளே ஒடுங்கியது. அதை அவள் கவனித்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் அதைக் கவனித்திருக்க மாட்டாள். நின்று, மூச்சை முழுவதும் விட்டு, தோளைத் தளரவிட்டாள். பிறகு நடந்தாள்.

இலைகளில் ரத்தம் வெளிர் சிவப்பாக, நுரையோடு இருந்தது. நுரையீரலில் பட்டிருக்கிறது. கொஞ்ச தூரத்துக்கு மேல் நிமிர்ந்து போக முடியவில்லை. குனிந்து, கிளைகள் துப்பாக்கிக் குழலில் சிக்காமல் பார்த்துக்கொண்டு, ஓர் அடி வைத்துக் காது கொடுத்து, இன்னோர் அடி வைத்தாள். ஈர மண்ணும் கரடியின் நாற்றமும் கலந்து வந்தன. பிறகு மூச்சுச் சத்தம் கேட்டது. சளி கட்டின கிழவனின் மூச்சு போல. முன்னால் கேட்க வேண்டியது இடப்பக்கம் கேட்டது.

கரடி தான் வந்த வழியைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் அது எழுந்தது. அதன் தலையும் தோளும் கிளைகளை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தன. அவளுக்குக் கரடியின் மோவாய்க்குக் கீழே இருந்த ஈர மயிர் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. அங்கே சுட்டாள். அது முன்னங்காலை மடித்து விழுந்தது. இன்னொரு தோட்டாவை ஏற்றிக் கழுத்தில் சுட்டாள். பிறகு எதுவும் அசையவில்லை.

மேலிருந்து ட்வெய்ட் அவள் பெயரைக் கூப்பிட்டார். ஒரு வேரின் மேல் உட்கார்ந்தாள். துப்பாக்கி வெடித்த சத்தமும் தோளில் விழுந்த உதையும் எப்போது வந்தன என்று யோசித்துப் பார்த்தாள். வந்ததாகவே நினைவில்லை. ஆனால் அந்த மயிர்கள் நினைவிருந்தன. கண் திறந்திருந்தது.

"வாங்க" என்று கடைசியில் கத்தினாள். "மெதுவா வாங்க. வழுக்கும்."

தோலுரித்தபோது அவர் சுட்ட கனத்த குண்டு தோள் எலும்பை உடைத்து, நுரையீரலைத் துளைத்து, மறுபக்கத் தோலுக்குள் வந்து நின்றிருந்ததைக் காட்டினாள். "இதுலயே செத்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் ஆயிருக்கும். அந்தக் கொஞ்ச நேரம்தான் நமக்கு ஆபத்து." ட்வெய்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மண்டையோட்டை அளவெடுக்க அதிகாரியிடம் கொண்டுபோக வேண்டும். அதற்கு முன்னால் அகுலினா அதை மலைப்பக்கம் பார்க்க வைத்துவிட்டு, தன் முன்னோரின் மொழியில் அதன் உயிருக்கு இரண்டு வார்த்தை சொன்னாள். போய்விட்டுத் திரும்பி வா என்று அர்த்தம்.

அன்று இரவு சட்டையைக் கழற்றியபோது தோள் நாவல்பழ நிறத்தில் வீங்கியிருந்தது. ஸகார் சீல் கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துவிட்டான்.

"கண்ணை மூடினியா?"

"இல்ல."

"உதை?"

"இப்பத்தான் தெரியுது."

அவன் தேய்ப்பதை நிறுத்தினான். "அப்ப நீ இனிமே எழுபத்தஞ்சையே வச்சுக்கலாமே. பயம் போயிடுச்சே."

"போகல. உள்ள இறங்கறப்ப தோள் சுருங்குச்சு. எனக்குத் தெரிஞ்சுது, நிறுத்தினேன். அடுத்த தடவ நிறுத்த நேரம் இல்லன்னா? ஒருநாள் தப்பிச்சதுக்காக நாளைக்கும் அதே ஓட்டைப் படகுல போவாங்களா யாராவது?"

"உதை தெரியலன்னு சொன்னியே."

"சுடறப்பத் தெரியல. பீப்பா முன்னால பழகறப்பத் தெரியுமே. வருஷம் பூரா பழகறது பீப்பாக்கிட்டதான? எதை வச்சு ஆசையாப் பழக முடியுதோ அதுதான் என் துப்பாக்கி."

ஸகார் யோசித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். மறுபடி தேய்க்கத் தொடங்கினான்.

ட்வெய்ட் புறப்பட்ட அன்று தன் பளபளப்பான பெட்டியை விமானத்தில் ஏற்றினார். பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று முடிவு செய்துவிட்டாராம். உள்ளதையே சொல்லப்போகிறாராம். "சின்னவன் சிரிப்பான். பெரியவன் அம்மாகிட்டப் போய்ச் சொல்லுவான். போகட்டும்" என்றார்.

கோடையில் ஒருநாள் திமோஃபே போர்வையில் சுற்றிய துப்பாக்கியோடு வந்தான். வீட்டில் அண்ணன் இல்லை என்று உறுதி செய்துகொண்டு உள்ளே வந்தான். "அண்ணி, எனக்கும் அந்த வெத்துத் தோட்டா வச்சுப் பாரேன். யார்கிட்டயும் சொல்லாத." பார்த்தாள். அவனுடைய குழல் அவளுடையதை விட ஆழமாக இறங்கியது. அகுலினா சிரிப்பை அடக்கிக்கொண்டு அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, ஸகாரைத் தவிர.

அதற்குப் பிறகு ஸகாருக்கு இடுப்பில் அறுவை செய்தார்கள். மெதுவாக மலை ஏற முடிந்தது. ஆனால் பழைய இடத்தை அவன் திருப்பிக் கேட்கவில்லை. அவளுக்குப் பின்னால் மூட்டையும் எழுபத்தஞ்சும் சுமந்து வந்தான். வேட்டைக்கு வருகிறவர்கள் எந்தத் துப்பாக்கி கொண்டுவரலாம் என்று முன்கூட்டியே கேட்டால் அவளே பதில் சொன்னாள். எந்தத் துப்பாக்கியின் பேரையும் சொல்ல மாட்டாள். "வீட்டுல எதைச் சந்தோஷமாச் சுடுவீங்க? மானவிடப் பெரிய மிருகத்துக்கு அது தாங்குமா? தாங்கும்னா கனத்த குண்டாப் பாத்து வாங்கிட்டு வாங்க" என்பாள். சிலர் அதைக் கேட்டு வேறு வழிகாட்டியைத் தேடிக்கொண்டார்கள். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை.

பல வசந்தங்களுக்குப் பிறகு, ஒரு ஏப்ரலில், இந்த வருஷம் யாரையும் கூட்டிப்போகவில்லை என்று அவளாகவே சொன்னாள். முழங்கால் ஏறும்போது சும்மா இருக்கிறது, இறங்கும்போது பேசுகிறது என்றாள். ஆனாலும் பனி உருகியதும் இருவரும் படகில் குடிலுக்குப் போனார்கள். அந்த மே மாதத்தில் சரிவில் ஒரு பெண்கரடி இரண்டு குட்டிகளோடு பனியில் சறுக்கி விளையாடியது. ஸகார் தொலைநோக்கியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, தேநீர் ஆறிப்போகிறது என்று சொன்னான். தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, ஆறட்டும் என்றாள்.